ஏலியன் என்பவர் யார்? வசனவரி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் திரைப்படங்களுக்குத் தமிழ் வசனவரி எழுதுவோருக்கும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவோருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, லிட்டில் இந்தியாவை ஒட்டிய பல்நோக்கு மண்டபம் ஒன்றில், வெளிநாட்டு ஊழியர்களுக்காகத் தொண்டூழியக் குழுவொன்று நடத்திய திரையிடலுக்குச் சென்றிருந்தேன். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள். பெரும்பாலானவற்றில் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் வேலை செய்யும் தம்பிமார். படம் தொடங்குமுன், பின்னர் நடக்கவிருந்த கலந்துரையாடலுக்குத் தூண்டுகோலாக, அமெரிக்கக் குடிநுழைவுச் சர்ச்சை பற்றிய ஆங்கிலச் செய்தித் துண்டு ஒன்றை ஓட்டினார்கள். தமிழ் வரிகளைக் கணினியே போட்டிருந்தது. எல்லைச் சுவரோரமாகப் பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்த ஒரு பெண்ணின் காலடியில், வெள்ளை எழுத்தில், "சட்டவிரோத வேற்றுக்கிரகவாசிகள் எல்லையைக் கடக்கின்றனர்" என்று வந்தது. மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பட்டுக்கோட்டைக்காரர், கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைத் தூக்கிக் காட்டி, "நம்மளத்தான் சொல்றான் சார்" என்றார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இருபத்தைந்து ஆண்டுகள் வசனவரி எழுதிப் பிழைத்தவன் நான். ஆகையால் அந்த வரியைக் கணினியின் உளறல் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. கணினி தனக்குக் கிடைத்த தமிழிலிருந்துதான் சொல்லை எடுத்தது. அந்தத் தமிழில் ஒரு பகுதி நாம் எழுதிப் போட்டது. அதனால்தான் இந்த மடலை வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்ற சொல்லுக்கு வேற்று நாட்டவர், வேற்றுக்கிரகப் பிராணி என்று இரண்டு முகங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எந்த முகம் மூத்தது என்பதைத்தான் நம்மில் பலர் மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம். விண்வெளிப் பிராணியின் பெயரைக் கொண்டுபோய் குடியேறி வந்தவருக்குச் சூட்டி இழிவுபடுத்துகிறார்கள் என்பதே பொதுவான எண்ணம், நடந்ததோ நேர்மாறானது. 'பிறருக்கு உரியது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லில் பிறந்து, ஆங்கிலச் சட்டத்தில் வேற்றரசரின் குடிகளைக் குறித்துப் பல நூற்றாண்டுகள் வழங்கிய சொல் அது. அமெரிக்கா 1798இல் ஆபத்தானவர் என்று அதிபர் கருதும் அந்நாட்டவரல்லாத எவரையும் வெளியேற்ற வழிசெய்த சட்டத்தின் தலைப்பில் அது இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏழை யூதர்களை முதன்மையாக மனத்திற்கொண்டு பிரிட்டன் 1905இல் இயற்றிய சட்டத்தின் பெயரும் அதுவே. அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் 1952இல் அதற்கு எழுதிய வரையறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பறக்கும் தட்டில் வந்திறங்கும் பிராணிக்கு அந்தப் பெயர் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில், அறிவியல் புனைகதை இதழ்கள் பெருகியபோதுதான். துறைமுகத்து அதிகாரியின் பேரேட்டில் கிடந்த சொல்லை எடுத்துத்தான் கதாசிரியர்கள் பூதத்துக்குப் பெயர் வைத்தார்கள். பூதத்தைப் பார்த்துப் பழகிய கண், பிறகு, பேரேட்டில் இருந்தவரையும் அப்படியே பார்க்கத் தொடங்கியது.

அந்தப் பேரேடு நமக்கும் தூரமானதன்று. என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார். அவர் வந்திறங்கிய காலத்தில், 1933ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 'ஏலியன்ஸ்' அவசரச் சட்டம் இங்கே அமலில் இருந்தது. உலகப் பொருளியல் மந்தத்தால் வேலையின்மை பெருகியிருந்த நேரத்தில், பெரும்பாலும் சீன ஆடவரின் வருகையைக் குறைப்பதற்காகப் பிரிட்டிஷ் காலனி அரசு கொண்டுவந்த சட்டம் அது. சீனப் பெண்களை அது 1938 வரை தடுக்கவில்லை. கட்டுமானத் தளங்களில் சிவப்புத் தலைத்துணியோடு மண் சுமந்த சாம்சூய் பெண்களில் பலர் அந்த இடைவெளியில் வந்தவர்கள். என் தாத்தாவை அந்தச் சட்டம் தொடவே இல்லை. அவர் பிரிட்டிஷ் மன்னரின் குடி. ஆகவே 'ஏலியன்' அல்லர். அவருடைய ஒட்டுவீட்டுச் சீனரோ சட்டப்படி 'ஏலியன்'. இருவரும் ஒரே பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

காலம் சற்று நகர்ந்ததும் இது தலைகீழானது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தச் சீனர் வரிசையில் நின்று பதிந்துகொண்டார். 'தமிழ் முரசு' நாளிதழ் ஆசிரியர் கோ. சாரங்கபாணி குடியுரிமை எடுத்துக்கொள்ளும்படி தமிழரை வற்புறுத்திக்கொண்டிருந்த காலம் அது. தாத்தாவோ, எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு இந்தக் காகிதம் எதற்கு என்று தள்ளிப்போட்டார். சிங்கப்பூர் தனி நாடானபின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. முப்பது ஆண்டுகள் இங்கே உழைத்தவர் அனுமதிக்காக மனுப்போட்டார். மனு எழுத உதவியவர் பழைய 'ஏலியன்'. எங்கள் வீட்டில் இது சிரித்துச் சிரித்துச் சொல்லப்படும் கதை. தாத்தா மட்டும் அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த வரலாறு தெரிந்தவருக்குச் சில படங்கள் வேறு மாதிரி தெரியும். 'மென் இன் பிளாக்' (1997) படத்தின் தொடக்கத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் வேன் ஒன்றைக் குடிநுழைவு அதிகாரிகள் மடக்குகிறார்கள். கறுப்புக் கோட்டணிந்தவர் ஒருவர் வந்து, வரிசையில் நிற்பவர்களிடம் ஸ்பானிய மொழியில் பேசிப் பார்க்கிறார். ஒருவனுக்கு மட்டும் அந்த மொழி புரியவில்லை. அவன்தான் வேறு கிரகத்துப் பிராணி. மற்ற அனைவரையும் அமெரிக்காவுக்கு வரவேற்று அனுப்பிவிடுகிறார். அதிகாரிகள் தேடிய 'ஏலியன்' வேறு, அவர் தேடிய 'ஏலியன்' வேறு. காட்சியின் நகைச்சுவை முழுவதும் அந்த ஒரு சொல்லின் இரட்டைப் பொருளில் தொங்குகிறது. தமிழில் அது தொங்காது. அவர்கள் 'கள்ளக்குடியேறிகள்', இவன் 'வேற்றுக்கிரகவாசி' என்று இரண்டு சொல் போட்டுவிட்டால் நகைச்சுவை போய்விடும். போகட்டும் என்றே நான் சொல்வேன். ஒரு சிலேடையைக் காப்பாற்றுவதற்காக இரண்டு வகை ஆட்களையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால், இழப்பு சிலேடையைவிடப் பெரியது.

தொழிலின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். திரையின் அடியில் இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்குள், படிக்க மூன்று நான்கு வினாடி. 'வேற்றுக்கிரகவாசி' ஒன்பது எழுத்தைத் தின்றுவிடும்; 'வெளிநாட்டவர்' ஏழு; 'ஏலியன்' நான்கே. நான்கெழுத்துச் சொல்லின் கவர்ச்சியை நானும் அனுபவித்தவன். அதைவிட மோசமானதையும் செய்திருக்கிறேன். வேலைக்காக வந்தவர்களின் எண்ணிக்கை கூடியதைச் சொன்ன ஒரு செய்திக்கு, இடம் குறைவு என்பதற்காக, 'வெளிநாட்டினர் படையெடுப்பு' என்று எழுதினேன். இரண்டே சொல்லில் கச்சிதமாக உட்கார்ந்தது. கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த ஆட்களுக்கு நான் ஒரு படையைத் தந்துவிட்டேன் என்பது மறுநாள் அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. விண்வெளிப் படங்களில் வானத்தை மறைத்துக்கொண்டு வரும் கப்பற்கூட்டம் அந்தத் தலைப்புக்குள் ஓசையில்லாமல் நுழைந்திருந்தது.

இப்போது, அந்த ஞாயிறன்று திரையிட்ட 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009) படத்துக்கு வருகிறேன். நீல் புளோம்காம்ப் இயக்கிய படம். 1982இல் ஜொகானஸ்பர்க் நகரின் மேல் ஒரு மாபெரும் கலம் வந்து அசையாமல் நின்றுவிடுகிறது. உள்ளே படைவீரர் இல்லை. பசியாலும் நோயாலும் துவண்ட கூட்டம் ஒன்று. அவற்றைக் கீழே இறக்கி முகாமில் வைக்கிறார்கள், முகாம் சேரியாகிறது, பிறகு சேரியையே நகரத்துக்கு அப்பால் பெயர்க்க முடிவாகிறது. தலைப்பின் பின்னால் கேப் டவுன் நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இருக்கிறது. 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 60,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள்.

இந்தப் படத்துக்கு முன்னோடியாக இயக்குநர் ஒரு குறும்படம் எடுத்திருந்தார். அதற்காக ஜொகானஸ்பர்க் வாசிகளிடம், நைஜீரியாவிலிருந்தும் ஸிம்பாப்வேயிலிருந்தும் வந்து குடியேறியவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். மக்கள் சொன்ன பதில்களை அப்படியே, விண்வெளிப் பிராணிகளைப் பற்றிய பதில்களாக அந்தக் குறும்படத்தில் வைத்தார்கள். ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. திருடுகிறார்கள், அழுக்காக இருக்கிறார்கள், திரும்பிப் போகட்டும் என்று மனிதரைப் பற்றி மனிதர் சொன்னவை, பூதத்தைப் பற்றிச் சொன்னவையாகத் தையல் தெரியாமல் பொருந்திவிட்டன. குடிநுழைவு விவாதத்தையும் விண்வெளிப் படத்தையும் சேர்த்துப் பேசும் நூறு கட்டுரையைவிட இந்த ஒரு தொழில்நுட்பச் செய்தி எனக்கு அதிகம் சொல்கிறது. 'டிஸ்ட்ரிக்ட் 9' எடுக்கப்பட்ட அதே 2008இல், மே மாதத்தில், அந்த நாட்டில் வெளிநாட்டவர்மேல் ஏவப்பட்ட வன்முறையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இவ்வளவையும் செய்த படம், தன் கதையில் வரும் நைஜீரியர்களை மட்டும் அந்த விண்வெளிப் பிராணிகளின் மாமிசத்தில் மந்திர சக்தி தேடும் கொள்ளையர்களாகக் காட்டியது என்பதையும் மறைக்கக்கூடாது. நைஜீரிய அரசு அதைக் கண்டித்தது, கண்டித்தது நியாயம். கற்பனைப் பிராணிக்காக இரங்கும் நெஞ்சுக்குப் பக்கத்து நாட்டுக்காரனிடம் இரங்கத் தோன்றவில்லை.

ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலையும் அன்று கண்டேன். படத்தில் மனிதர்கள் அப்பிராணிகளை 'பிரான்' என்று ஏசுகிறார்கள். அன்றைய வசனவரி அதற்கு 'இறால்' என்று போட்டது. மண்டபத்தில் ஒருவருக்கும் அது வசையாகப் படவில்லை. பட்டுக்கோட்டைக்காரருக்கு இறால் என்றால் தொக்கு. ஜொகானஸ்பர்க் தோட்டங்களில் மொய்க்கும் பெரிய பூச்சி ஒன்றுக்கு 'பார்க்டவுன் பிரான்' என்று உள்ளூர்ப் பெயர் உண்டு. வசையின் வேர் அங்கே இருக்கிறது. அதோடு, எச்சத்தைத் தின்று வாழ்வது என்ற பொருளும் படத்திலேயே சொல்லப்படுகிறது. ஆக, இறால் என்பது அகராதிக்குச் சரி, படத்துக்குத் தப்பு. சரியான சொல் எது? சிங்கப்பூர்க் கேட்போருக்கு உறைக்க வேண்டுமென்றால், நம் காப்பிக்கடை மேசைகளிலும் மின்தூக்கிகளிலும் வங்காளதேசிகளையும் 'ஊர்க்காரன்'களையும் பற்றிப் பேசும்போது தாழ்ந்த குரலில் வரும் சொற்களில் ஒன்றைத்தான் போட வேண்டியிருக்கும். அவை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று. அந்தப் படத்தில் பிராணிகள் தங்கள் மொழியில் பேசுகின்றன, மனிதர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். யாரும் மற்றவர் மொழியைப் பேசுவதில்லை, இருவருக்கும் எல்லாம் புரிகிறது. வெளிநாட்டு விமர்சகர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். தேக்காச் சந்தையில் மீன் வாங்கியவருக்கு விசித்திரமே இல்லை.

நம் ஊரின் செய்தி மொழிக்கு வருவோம். 2020 ஏப்ரல் முதல் மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் கொவிட் எண்ணிக்கையைத் தமிழாக்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள். 'சமூகத்தில் இத்தனை பேர், தங்குவிடுதிகளில் இத்தனை பேர்' என்று இரண்டு கணக்காக எழுதினோம். தொற்றியல் நோக்கில் அப்படிப் பிரித்ததற்குக் காரணம் இருந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நெருக்கமாகத் தங்கிய இடத்தில் பரவலின் வேகமே வேறு. அதை நான் மறுக்கவில்லை. தமிழில் 'சமூகம்' என்ற சொல்லைத் தேர்ந்தவர்கள் நாம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஆங்கிலத்துக்குச் சரியான நிகர்தான் அது. ஆனால் தமிழில் படித்தவருக்கு, விடுதியில் இருப்போர் சமூகத்தில் சேர்ந்தவர் அல்லர் என்று ஒவ்வொரு மாலையும் அறிவித்தது போல ஆனது. 'விடுதிகளுக்கு வெளியே' என்று எழுதியிருந்தால் கணக்கு கெட்டிருக்காது. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டு நீங்கியிருந்தது.

'ஊழியர்' என்றும் 'திறனாளர்' என்றும் நாம் பிரித்து எழுதுகிறோமே, அதுவும் இதே வகை. ஒரே விமானத்தில் திருச்சியிலிருந்து வந்திறங்கும் இருவரில் ஒருவர் வெளிநாட்டு ஊழியர், மற்றவர் வெளிநாட்டுத் திறனாளர். கிரேன் இயக்குவது எந்தக் கணக்கில் திறன் ஆகாது என்பதை எவரும் எனக்கு விளக்கவில்லை. இந்த இடத்தில் தமிழ் சினிமாவின் பழைய படம் ஒன்று நினைவுக்கு வந்து என்னைச் சிரிக்க வைக்கிறது. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த 'கலை அரசி'யில், விஞ்ஞானத்தில் மிக முன்னேறிய ஒரு கிரகத்தாருக்கு ஆடல் பாடல் தெரியாது. அதற்காக ஆள் அனுப்பிப் பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஹாலிவுட் பூதங்கள் நம் தண்ணீருக்கும் உடலுக்கும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த நாளில், தமிழ்ப் படத்தின் வேற்றுக்கிரகத்தார் வெளிநாட்டுத் திறனாளரைத் தேடி வந்திருக்கிறார்கள். அனுமதி கேட்காமல் தூக்கிப் போனது ஒன்றுதான் குறை.

'ஏலியன் நேஷன்' (1988) என்ற படத்தில், அடிமை உழைப்புக்காகவே வளர்க்கப்பட்ட வேற்றுக்கிரகத்தார் லாஸ் ஏஞ்சலிஸில் குடியமர்த்தப்படுகிறார்கள். அவர்களுக்குப் பெயர் வைத்த குடிநுழைவு எழுத்தர்கள் விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு 'சாம் பிரான்சிஸ்கோ'. அவரோ அதன் கேலி புரியாமல் மரியாதையோடு அதைச் சொல்லி அறிமுகமாகிறார். இதைப் பார்த்தபோது எனக்கு விடுதிகளில் பெயர் கூப்பிடும் காட்சி தோன்றியது. பாரத்தில் கடைசியாக இருப்பது குடும்பப் பெயர் என்று கருதும் முறையால், தமிழ் இளைஞரைப் பல இடங்களில் தகப்பன் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். மருத்துவமனையில் ஒருமுறை, "மாரிமுத்து! மாரிமுத்து!" என்று தாதி அழைத்துக்கொண்டே இருக்க, எதிரில் உட்கார்ந்திருந்த பையன் எழவில்லை. மூன்றாம் முறை எழுந்து போனான். "எங்க அப்பா செத்து நாலு வருஷம் ஆச்சுண்ணே, சட்டுனு வெளங்கல" என்றான் திரும்பி வந்து.

இனி, நம் கையில் இருக்கும் சொற்கள். தமிழில் வெளியாரைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் ஒரு மனநிலையோடு வருகிறது. சங்கப் பாட்டுகளில் பாலை வழியே வரும் புதியவர் 'வம்பலர்'. 'வம்பு' என்றால் நிலையின்மை என்கிறது தொல்காப்பியம். அந்தப் பாட்டுகளிலேயே வம்பலர்மேல் அம்பு எய்வோரும் உண்டு. இன்றைய பேச்சில் வம்பு என்றால் தொல்லை. நிலையில்லாமல் வருகிறவர் தொல்லை தருகிறவராவதற்கு மொழியில் இடம் இருந்திருக்கிறது, நாம் ஒன்றும் பரிசுத்தர் அல்லர். 'ஏதிலார்' என்று வள்ளுவர் அயலாரைச் சொன்ன சொல், 'ஏதிலி'யாகி இன்று அகதியைக் குறிக்கிறது. 'அயல்' இன்னும் சுவையானது. அயல்நாடு என்றால் தூரம். அயலார் என்றால் பக்கத்து வீட்டார். யாழ்ப்பாணத்தார் 'அயலட்டை' என்றால் அக்கம்பக்கம். 2024 பொங்கலுக்கு வந்த சிவகார்த்திகேயன் படத்தில் வேற்றுக்கிரகப் பிராணி வருகிறது, படத்துக்குப் பெயர் 'அயலான்'. பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, அண்டை வீட்டானும் அந்நியனும் ஒரே சொல்லில் நிற்கும் வசதி ஆங்கிலத்துக்கு இல்லை.

எனக்குப் பிடித்தது 'புலம்பெயர்' என்பதுதான். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது, பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த 'புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' ஊர் என்கிறது. துறைமுகம், பண்டகசாலை, சுங்கம், பல மொழிக் கூட்டம் என்று வருகிற அந்தப் பகுதியைப் படிக்கும் சிங்கப்பூர்க்காரருக்குத் தன் ஊர் நினைவு வராமல் இருக்காது. 'மாக்கள்' என்பதைப் பிடித்துக்கொண்டு யாராவது கேள்வி எழுப்புவீர்கள் என்பது தெரியும். மாக்களுக்கு ஐந்தறிவுதான் என்று தொல்காப்பியமே சொல்கிறதே என்பீர்கள். அந்தப் பாட்டின் வழக்கில் அது வெறுமனே மக்களைத்தான் குறிக்கிறது. எனினும், 'புலம்பெயர் ஊழியர்' என்று நாம் எழுதும்போது முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'கலந்து இனிது உறையும்' என்ற பின்பாதியை விட்டுவிட்டோம் என்பது உறுத்துகிறது.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். 2013இல் மக்கள்தொகை வெள்ளை அறிக்கை 2030க்குள் 65 முதல் 69 லட்சம் பேர் என்ற கணிப்பை வைத்தபோது, அதை எதிர்த்து ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அவர்கள் எல்லாரும் அந்நியரை வெறுப்பவர்கள் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அது சோம்பலான எழுத்து. ரயிலில் நெரிசல், வீட்டு வாடகை, ஐம்பது வயதில் வேலையிழந்தவர் மறுபடி வேலை தேடும் பாடு ஆகியவை கண்ணால் காணக்கூடியவை, பேச வேண்டியவை. 2024 கணக்கில் இங்கே வாழும் 60 லட்சத்துச் சொச்சம் பேரில் குடிமக்கள் 36 லட்சம். 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதவர்கள். இத்தகைய விகிதம் உள்ள ஊரில் கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம். என் வாதம் அந்தக் கேள்விகளுக்கு எதிரானதன்று. எத்தனை பேர், எந்த வேலைக்கு, என்ன சம்பளத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எண்ணிப் பேச வேண்டிய விஷயத்தில், படையெடுப்பு, வெள்ளம், உடலுக்குள் புகுந்து ஆளையே மாற்றிவிடும் பிராணி என்னும் படிமங்கள் நுழைந்தவுடன் எண்ணுவது நின்றுவிடுகிறது. பூதத்தோடு யாரும் சம்பளம் பேசுவதில்லை. வெளிநாட்டவரை இழிவுபடுத்தும் பேச்சை இனிமையாக்கித் தமிழாக்குங்கள் என்றும் நான் கேட்கவில்லை. ஓர் அரசியல்வாதி 'ஏலியன்' என்று ஏசினால், ஏசியது தமிழிலும் ஏச்சாகவே தெரிய வேண்டும். அவர் சொல்லாததை நாமாகச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் இந்தச் சொல் இப்போது அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறுகிறது. 2021இல் குடிநுழைவுத் துறைகள் அதைத் தவிர்த்துக் 'குடிமக்கள் அல்லாதோர்' என்று எழுத வேண்டும் என உத்தரவு வந்தது. 2025இல் ஆட்சி மாறியதும் பழைய சொல் திரும்பியது. எனவே நீங்கள் மொழிபெயர்க்கும் செய்திகளில் இனி அது அடிக்கடி வரும். 'ஏலியன்', 'வேற்றுக்கிரகவாசி' இரண்டையும் விண்வெளியிலிருந்து வருவோருக்கே விட்டுவிடுங்கள். சட்டச் சொல்லாக வரும் இடத்தில் 'அந்நாட்டவர் அல்லாதவர்' என்றோ 'வெளிநாட்டவர்' என்றோ எழுதலாம். 'சட்டவிரோத' என்ற அடையை ஆளின்மேல் ஒட்டாமல் செயலின்மேல் ஒட்டுங்கள். 'அனுமதிக் காலம் கடந்து தங்கியவர்' என்றால் என்ன செய்தார் என்பது தெரிகிறது, 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் என்ன ஆள் என்று மட்டுமே தெரிகிறது. நீளமாக இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. செய்தியில் ஒருமுறை நீளமாக எழுதிவிட்டு அடுத்த முறை 'அவர்' என்று எழுத இடம் உண்டு. கணினி போட்ட வரியை ஒருவராவது கண்ணால் பார்த்தபின் ஒளியேற்றுங்கள்.

படங்களில் நுணுக்கம் கூடுதலாகத் தேவை. 'அரைவல்' (2016) படத்தில் விண்வெளியிலிருந்து வந்தோர் எழுதிக் காட்டும் ஒரு குறியை 'ஆயுதம்' என்று படித்து நாடுகள் போருக்குத் தயாராகின்றன. அது 'கருவி'யாகவும் இருக்கலாம் என்று மொழியியலாளர் மன்றாடுகிறார். தமிழில் ஆயுதம் என்ற சொல்லே இரண்டையும் தாங்கும். ஆயுத பூசையில் நாம் பொட்டு வைப்பது அரிவாளுக்கும் தையல் இயந்திரத்துக்கும்தான். அந்த இடத்தில் வசனவரி எழுதுகிறவருக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. 'இ.டி.' (1982) படத்தின் புகழ்பெற்ற வரியைப் பெரும்பாலும் 'வீட்டுக்குப் பேசணும்' என்று தமிழாக்குவதைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் புல்தரையில் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு என்று அவர் சொல்லமாட்டார். "ஊருக்குப் பேசணும்" என்பார்.

அந்தத் தொண்டூழியக் குழுவினர் அடுத்த மாதம் 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தை மறுபடி திரையிடப் போகிறார்கள். கணினி வரிகளை நீக்கிவிட்டு, முழுப் படத்துக்கும் வசனவரியை நான் எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறேன். முக்கால் பங்கு முடிந்துவிட்டது. 'பிரான்' வரும் இடங்களில் மட்டும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இறால் என்று எழுத மனமில்லை, காப்பிக்கடைச் சொல்லை எழுதக் கை வரவில்லை. உங்களில் யாருக்காவது பொருத்தமான சொல் தோன்றினால் இந்த மாத இறுதிக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்
சிங்கப்பூர்